"என் போன்ல ஓடுதே சார்" என்பது பதில் ஆகாது

போன வாரம் ஆப் உருவாக்கும் வேலைக்கான நேர்காணலுக்கு வந்த இளைஞர், கோட்லின் என்ற மொழியில், திரைகளை வடிவமைக்க உதவும் ஜெட்பேக் கம்போஸ் கொண்டு செய்த உணவு ஆர்டர் ஆப் ஒன்றைக் காட்டினார். திரைகள் உண்மையிலேயே நேர்த்தி. முகவரிப் பக்கத்தில் கதவு எண், தெரு, பின்கோடு எல்லாம் நிரப்பிவிட்டு போனைப் படுக்கவாட்டில் திருப்பினேன். அத்தனையும் அழிந்துவிட்டது. ஏன் என்று கேட்டதற்கு, "என் போன்ல நல்லா ஓடுதே சார், நான் ரொட்டேஷனை எப்பவும் ஆஃப்லதான் வச்சிருப்பேன்" என்றார்.

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. மூன்று மாதப் பயிற்சி, சான்றிதழ், அப்பா அம்மா கட்டிய கட்டணம் எல்லாம் இருக்கிறது. ஆண்ட்ராய்டு ஒரு திரையை எப்போது அழித்து மறுபடி உருவாக்கும் (போனைத் திருப்பினாலும் அதுதான் நடக்கும்) என்று சொல்லும் ஆக்டிவிட்டி லைஃப்சைக்கிளை மட்டும் யாரும் உட்கார்ந்து சொல்லித்தரவில்லை. என் கோபம் அந்தப் பிள்ளைகள் மீது இல்லை, கற்றுத்தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கியவர்கள் மீது.

உங்கள் போனில் ஓடுவது எதையும் நிரூபிக்காது. உங்களிடம் இருப்பது 12 ஜிபி ரேம், வீட்டு வைஃபை, காலியான ஸ்டோரேஜ், கேபிளில் செருகிய டீபக் பில்ட் (பிழை தேடுவதற்கான சோதனை வடிவம்). உங்கள் ஆப்பைப் பயன்படுத்தப்போகிறவரிடம் இருப்பது 3 ஜிபி ரேம் கொண்ட பழைய போன். செங்கல்பட்டு ரயிலில் போகும்போது சிக்னல் வந்து வந்து போகும். கண்ணாடி போட்ட பெரியவர் எழுத்தை மிகப் பெரிதாக வைத்திருப்பார். ஆண்ட்ராய்டு 14 முதல் அதை 200 சதவீதம் வரை பெரிதாக்கலாம். மொழியைத் தமிழுக்கு மாற்றினால், 'பே' என்று இருந்த பட்டனில் 'பணம் செலுத்துக' வந்து நிற்கும், பாதி வெட்டுப்படும். இவை எதுவும் அபூர்வமான நிலைமைகள் அல்ல. பயனர்களின் அன்றாடமே இதுதான்.

"ஓரியன்டேஷனை போர்ட்ரைட்டில் (நெடுக்குவாட்டில்) பூட்டிவிட்டால் சரியாகிவிடுமே" என்பார்கள். ஆகாது. முதலாவது, ஆண்ட்ராய்டு 16ஐ இலக்காக வைக்கும் ஆப்களில், டேப்லெட் அளவுத் திரைகளில் சிஸ்டம் அந்தப் பூட்டை இயல்பாகவே கண்டுகொள்ளாது. இரண்டாவது, அதைவிடப் பெரியது: பயனர் ஓடிபி பார்க்க வேறு ஆப்புக்குப் போகிறார். ரேம் போதாமல் சிஸ்டம் உங்கள் பிராசஸைக் கொன்றுவிடுகிறது. திரும்பி வந்தால் படிவம் காலி. திரையின் தரவை வைத்திருக்கும் வியூமாடல் ரொட்டேஷனைத் தாங்கும், இதைத் தாங்காது. அந்த இளைஞர் கம்போஸில் மதிப்பை நினைவில் மட்டும் வைக்கும் ரிமெம்பருக்குப் பதிலாக, அதைச் சேமித்தும் வைக்கும் ரிமெம்பர்சேவபிள் போட்டிருந்தால் இரண்டு இடத்திலும் தப்பித்திருக்கலாம். சோதிப்பதற்கு, ஆப்பைப் பின்னணிக்கு அனுப்பிவிட்டு கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபியில் 'ஆம் கில்' (am kill) கட்டளையைக் கொடுங்கள். அண்மையில் திறந்த ஆப்களின் பட்டியலான ரீசென்ட்ஸில் தள்ளிவிட்டுப் பார்ப்பது சோதனை அல்ல. அதில் சேமித்த நிலையும் சேர்ந்து போய்விடும்.

டீபக் பில்டை நம்பவே நம்பாதீர்கள். ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் சேர்த்து ஆப் செய்ய உதவும் ஃப்ளட்டரில் புதிய புராஜெக்ட் தொடங்கினால் இணைய அனுமதி டீபக், புரொஃபைல் மேனிஃபெஸ்ட்களில்தான் (ஆப்புக்கு வேண்டிய அனுமதிகளை அறிவிக்கும் கோப்புகள்) இருக்கும், முதன்மை மேனிஃபெஸ்டில் நீங்கள்தான் சேர்க்க வேண்டும். பயனருக்குப் போய்ச் சேரும் ரிலீஸ் பில்டை ஒருமுறைகூட நிறுவிப் பார்க்காமல் வெளியிட்டுவிட்டு "சர்வர் டவுன்" என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும்.

பணம் சம்பந்தப்பட்ட ஆப்பில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். பயனர் பட்டனை அழுத்திவிட்டார், கோரிக்கை சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, பதில் வருவதற்குள் சிக்னல் போய்விட்டது. ஆப் 'தோல்வி' என்கிறது, அவர் மறுபடி அழுத்துகிறார். ஒரே ஆர்டருக்கு இரண்டு முறை காசு போகிறது. ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு தனி அடையாள எண்ணை ஆப்பே உருவாக்கி, மறுமுயற்சியிலும் அதே எண்ணை அனுப்ப வேண்டும்; சர்வர் அதைப் பார்த்து இரண்டாவதை ஒதுக்க வேண்டும். இதை வடிவமைக்கத் தெரிந்தவர் கோட்லினா, ஸ்விஃப்டா, ஃப்ளட்டரா என்பது எனக்கு இரண்டாம்பட்சம். மொழியை ஆறு வாரத்தில் பழகிக்கொள்ளலாம்.

ஏஐ கோடு எழுதித் தருகிறது, பயன்படுத்துங்கள். ஆனால் அது ரிமெம்பர் என்று எழுதித் தந்தால், அங்கே என்ன குறைகிறது என்று பார்க்கும் கண் உங்களுக்கு இருக்க வேண்டும்.

ரகசியச் சாவியை ஆப்புக்குள் வைக்காதீர்கள், ஜாட்எக்ஸ் என்ற கருவி இருக்கும் யாரும் ஏபிகேயை (ஆப்பின் நிறுவல் கோப்பை) பிரித்துப் படிப்பார்கள். திரையை இயக்கும் மெயின் த்ரெட்டில் கனமான வேலை செய்யாதீர்கள், தொடுதலுக்கு 5 விநாடி பதில் இல்லையென்றால் 'ஆப் பதிலளிக்கவில்லை' என்ற ஏஎன்ஆர். பயனர் உணரும் கிராஷ் 1.09 சதவீதத்தையோ ஏஎன்ஆர் 0.47 சதவீதத்தையோ தாண்டினால், பிளே ஸ்டோரில் உங்கள் ஆப் கண்ணில் படுவதே குறையலாம். கோடின் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட் தெரியாமல் நேர்காணலுக்கு வராதீர்கள்.

படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பத்து டெமோ ஆப் வேண்டாம். ஒரே ஒன்று, வீட்டில் யாருக்காவது நிஜமாகத் தேவைப்படுவதைச் செய்து பிளே ஸ்டோரில் ஏற்றுங்கள். பதிவுக் கட்டணம் ஒருமுறை 25 டாலர். புதிய தனிநபர் கணக்கென்றால் 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருந்தாக வேண்டும். அந்த 12 பேரை நண்பர்கள் வட்டத்திலேயே முடித்துவிடாதீர்கள். சித்தி, பெரியப்பா, மளிகைக்கடை அண்ணன் என்று சேருங்கள். ஆப் விழும்போது வரும் ஸ்டாக் ட்ரேஸை (பிழை எந்த வரியில் நடந்தது என்று காட்டும் பட்டியலை) யாரிடமும் அனுப்பிக் கேட்பதற்கு முன், கடைசியாக வரும் 'காஸ்ட் பை' (Caused by) வரியிலிருந்து நீங்களே படித்துப் பாருங்கள். நேர்காணலில் நான் முதலில் கேட்கப்போவது, அதில் எதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதைத்தான்.