தைல நெடியில் பாட்டி வருவது எப்படி?

கோத்தகிரி பக்கமிருந்து பிளஸ் ஒன் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "கற்பூர மர இலையில் தைலம் காய்ச்சுற கொட்டகையைத் தாண்டும்போதெல்லாம், சளிக்கு நெஞ்சில் தைலம் தேய்த்துவிட்ட பாட்டி பக்கத்திலேயே இருக்கிற மாதிரி இருக்கு. அவங்க போய் மூணு வருஷம் ஆச்சு. இது எப்படி?"

வாசனைக்கு மட்டும் ஏன் இந்த வேகம்? கண்ணும் காதும் அனுப்பும் சேதிகள், மூளை நடுவில் தபால் நிலையம் மாதிரி இருக்கும் தாலமஸ் வழியாகத்தான் மேல்மூளைக்குப் போகும். மூக்கின் சேதி அங்கே நிற்காமல், உணர்ச்சிகளைக் கவனிக்கும் அமிக்டலாவுக்கே போய்விடும். நினைவைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸ் அதன் பக்கத்து வீடு. 1953இல் வலிப்பு நோய்க்காக ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதியை இருபுறமும் எடுத்தபின், ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்க நோயாளிக்குப் புதிதாக நடந்த எதுவும் மனதில் தங்கவில்லை.

சரி, தைலமும் பாட்டியும் ஒட்டிக்கொண்டது எப்படி? எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கும் இடம் இதுதான்.

இரண்டு நரம்பணுக்கள் சந்திக்கும் இடுக்கில், சேதி வாங்கும் பக்கத்தில் என்எம்டிஏ என்றொரு ஏற்பி இருக்கிறது. நடுவே துளையுள்ள புரதம். சேதி சுமந்து வரும் வேதிப்பொருளான குளூட்டமேட் வந்து ஒட்டினால் துளை திறக்கும். ஆனால் எதுவும் உள்ளே போகாது! தைல பாட்டிலின் கழுத்தில் தக்கை மாதிரி, ஒரு மெக்னீசியம் அயனி அடைத்துக்கொண்டிருக்கும். ஓய்வாக இருக்கும் நரம்பணுவின் உட்புறம் சுமார் மைனஸ் 70 மில்லிவோல்ட். நேர்மின் கொண்ட மெக்னீசியத்தை அது இழுத்துப் பிடித்துவைக்கிறது. வேறு பாதையில் வலுவான சேதி வந்து நரம்பணு கிளர்ந்தால் அந்தப் பிடி தளரும், தக்கை வெளியே போகும், கால்சியம் உள்ளே பாயும். அப்புறம் நொதிகள் விழித்து, சேதி வாங்கும் இன்னொரு வகையான ஆம்பா ஏற்பிகள் கூடுதலாக வந்து உட்காரும். அடுத்த தடவை மெல்லிய சேதியே போதும்.

தைல நெடி ஒரு பாதையில், பாட்டியின் சூடான உள்ளங்கை இன்னொரு பாதையில். இரண்டும் ஒரே கணத்தில் வந்தால்தான் தக்கை நகரும். சேர்ந்து வந்ததற்கு ஓர் அயனி சாட்சி! 1984இல்தான் இது தெரியவந்தது. இரண்டே வருடத்தில் விஞ்ஞானி ரிச்சர்ட் மாரிஸ் குழுவினர் எலிகளின் மூளையில் இந்த ஏற்பியை மருந்தால் தடுத்துப் பார்த்தார்கள். நீந்தவிட்ட தொட்டியில் நீருக்கடியில் மறைந்திருந்த மேடை எங்கே என்று கற்க அவை திணறின.

தேர்வுக் காலத்தில் பிள்ளைகள் கையில் ஞாபகசக்திக்கென்று மந்திரித்த கயிறு கட்டுவதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. படித்ததைப் பதியவைக்கும் தூக்கத்தைக் கெடுத்துவிட்டுக் கயிறு எதற்கு? இன்னொரு ஆதங்கமும் உண்டு. நரம்பியல் விஞ்ஞானி எரிக் கேண்டல் கடல் நத்தையின் செவுள் சுருங்குவதைப் பார்த்துத்தான் நினைவின் வேதியியலைப் பிடித்தார், 2000இல் நோபல் வாங்கினார். "நத்தையால் நாட்டுக்கு என்ன லாபம்?" என்று கேட்கிறவர்கள் கையில் ஆராய்ச்சி நிதி இருக்கக் கூடாது.

மாணவியின் கேள்வியில் இன்னொரு பாதி மிச்சமிருக்கிறது. நரம்பணுக்கள் கிளர்வது, பாட்டி பக்கத்தில் இருக்கிற உணர்வாக எப்படி மாறுகிறது? நனவுக்கு மூளைக்குள் தெளிவான விளக்கம் 25 வருடத்தில் கிடைத்துவிடும் என்று 1998இல் விஞ்ஞானி கிறிஸ்டோஃப் காக், தத்துவ அறிஞர் டேவிட் சால்மர்ஸிடம் பந்தயம் கட்டினார். 2023இல் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒயின் பாட்டில்களைக் கொடுத்தார்.

நேற்று மாலை நானும் ஒரு கொட்டகைப் பக்கம் போய் நின்றேன். அண்டாவில் இலை வெந்துகொண்டிருந்தது. குழாய் நுனியில் தண்ணீரோடு சொட்டிய தைலம் மேலே தனியாக மிதந்தது. எனக்கு வந்தது அப்பாவின் பழுப்பு மஃப்ளர்.