தண்ணீர் நின்றதை மோட்டார் எப்படிச் சொல்கிறது?

இங்கிலாந்தின் தென்கிழக்கில் ஒரு ஜனவரி மாதக் காலை. தெருவோரம் ஒரு வேன் நிற்கிறது. பின்கதவு திறந்தால் உள்ளே 650 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, 12 வோல்ட் பேட்டரி, ஒரு சின்ன பம்ப். அதிலிருந்து 100 மீட்டர் ஹோஸ் நீண்டு, கார்பன் ஃபைபர் கழியின் உச்சியில் இருக்கும் பிரஷ்ஷுக்குப் போகிறது. ஜன்னல் துடைப்பவர் தரையில் நின்றபடியே மாடி ஜன்னலைத் தேய்க்கிறார். திடீரென்று தண்ணீர் நின்றுவிடுகிறது. வேனுக்குத் திரும்பி வந்து பார்த்தால், பம்பைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர் பெட்டியின் திரையில் 'டெட் எண்ட்' என்று எழுத்து. அதாவது, வழி அடைத்திருக்கிறதாம். ஆனால் ஹோஸ் எங்கும் மடங்கவில்லை, வால்வும் திறந்துதான் இருக்கிறது.

பம்ப் கெட்டுவிட்டது என்று புதிதாக வாங்கிவிடுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அதற்குத் தேவையே இல்லை. ஓர் எண்ணை மாற்றினால் போதும். ஏன் என்று புரிந்துகொள்ள, அந்தப் பெட்டிக்கு எது தெரியும், எது தெரியாது என்று பார்க்க வேண்டும்.

பம்பைக் கட்டுப்படுத்த வேண்டிய அவசியம் தண்ணீரிலிருந்தே தொடங்குகிறது. அந்தப் பகுதித் தண்ணீர் பெரும்பாலும் சுண்ணப் பாறைக்குள் ஊறி வருவது. அப்படியே கண்ணாடியில் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி நிற்கும். அதனால் ஆர்.ஓ. சவ்விலும் பிறகு ரெசினிலும் வடிகட்டி, டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, பூஜ்யத்துக்கு வந்த தண்ணீரைத்தான் தொட்டியில் ஏற்றுகிறார்கள். அதில் கழுவினால் துணியால் துடைக்கவே வேண்டாம், தானாகக் காய்ந்துவிடும். இப்படிப் பாடுபட்டுச் சேர்த்த தண்ணீரை நிமிடத்துக்கு 4 லிட்டர் விட்டால் இரண்டே முக்கால் மணி நேரத்தில் தொட்டி காலி. 1.5 லிட்டர் விட்டால் ஏழு மணி நேரம் ஓடும்.

சரி, அளவை எப்படிக் குறைப்பது? வால்வைப் பாதி மூடினால் பம்ப் வீணாக முட்டி மோதும். கண்ட்ரோலர் அப்படிச் செய்வதில்லை. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை நொடிக்குப் பல நூறு, ஆயிரம் முறை வெட்டி வெட்டி விடுகிறது. ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் மின்சாரம் போகிறதோ, அதற்கேற்ப மோட்டாரின் வேகம் அமையும். தண்ணீர் குறைகிறது, பேட்டரியும் மிச்சமாகிறது.

இனிதான் அழகான பகுதி. வேலை செய்பவர் கழிப் பக்கம் வால்வை மூடினால் பம்ப் தானாக நிற்க வேண்டும், திறந்தால் ஓட வேண்டும். 100 மீட்டர் தள்ளி நடப்பது பெட்டிக்கு எப்படித் தெரியும்? அதனிடம் தண்ணீரைப் பார்க்கும் கண் எதுவும் இல்லை. மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தை மட்டுமே அது அளக்கிறது.

மிக்சியில் கெட்டியாக அரைக்கும்போது சத்தம் இறங்கி மோட்டார் சூடாவதைக் கவனித்திருப்பீர்கள். சுழலும் மோட்டார் தனக்குள்ளேயே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கும்; அது உள்ளே வரும் மின்சாரத்தைத் தடுத்துப் பிடிக்கும். பாரம் ஏறி வேகம் குறைந்தால் அந்தத் தடுப்பும் குறையும், மின்னோட்டம் ஏறும். பம்பிலும் இதேதான். தண்ணீர் தாராளமாகப் போகும்போது 3 ஆம்பியர், வால்வை மூடி அழுத்தம் ஏறியதும் 6 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் ஒரு கோடு போட்டு, 'இதைத் தாண்டினால் வழி அடைத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்' என்று சொல்லி வைப்பதுதான் முதலில் சொன்ன அந்த எண். நிறுத்திய சில நொடிகளில் பம்பை மெல்ல ஓட்டிப் பார்க்கும். வழி திறந்திருந்தால் வேலை தொடரும்.

இப்போது அந்த ஜனவரிக் காலைக்கு வருவோம். 20 டிகிரியில் இருப்பதைவிட 0 டிகிரிக்குப் பக்கத்தில் தண்ணீரின் பிசுபிசுப்பு, அதாவது ஓடுவதற்கு அது காட்டும் தடை, ஏறத்தாழ 1.8 மடங்கு. குளிரில் ஹோஸ் விறைக்கும், பம்பின் ரப்பர் சவ்வும் இறுகும். மோட்டார் வழக்கத்தைவிடச் சிரமப்பட, மின்னோட்டம் கோட்டைத் தொட்டுவிடுகிறது. பெட்டி தவறாக அளக்கவில்லை. கோடு கோடைக்காலத்தில் போட்டது. ஹோஸை மாற்றினாலும் இப்படித்தான்: 8 மில்லிமீட்டர் ஹோஸுக்குப் பதில் 6 மில்லிமீட்டர் போட்டால், அதே தண்ணீருக்கு அழுத்த இழப்பு மூன்று நான்கு மடங்காகும். கழியை 10 மீட்டர் உயர்த்தினால் இன்னும் ஒரு 'பார்' (அழுத்தத்தை அளக்கும் அலகு) கூடும்.

ஆகவே அந்த எண்ணை மாற்றும்போது, அன்றைக்கு வேலை செய்யப்போகும் ஹோஸ் முழுவதையும் மாட்டி, வழக்கமான வேகத்திலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும். முதலில் கோட்டை நன்றாக உயர்த்திவிட்டு வால்வை மூடுங்கள். பம்ப் முனகிக்கொண்டே ஓடும். ஒவ்வொரு படியாக இறக்கி வாருங்கள். ஓரிரு நொடியில் பம்ப் நிற்கும் இடம் வரும். அங்கே வால்வைத் திறந்து, கழியை உயரமான ஜன்னல் வரை தூக்கி, தடையின்றி ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அதுதான் இன்றைய எண். வீண் நிறுத்தம் வருகிறதே என்று கோட்டை மேலேயே விட்டுவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வால்வை மூடினாலும் பம்ப் தள்ளிக்கொண்டே இருக்கும். மோட்டார் சூடாகும், ஹோஸ் இணைப்பு தெறித்துக் கழன்றால் அரும்பாடுபட்ட தண்ணீர் வேனுக்குள்ளேயே கொட்டும்.

பம்பிலேயே ஓர் அழுத்த சுவிட்சும் இருக்கும், பல பம்புகளில் 7 பார் அளவில். கண்ட்ரோலர் போட்ட கோடு அதற்கு முன்னால் வர வேண்டும். சுவிட்ச் முந்திக்கொண்டால் பம்ப் டக் டக்கென்று நின்று நின்று ஓடும். அந்தச் சத்தம் கேட்டால் கோட்டைக் கொஞ்சம் இறக்குங்கள். அப்புறம், மதியம் வெயில் வந்து ஹோஸ் இளகியதும் வால்வை மூடி இன்னொரு முறை பாருங்கள். காலையில் ஏற்றிய எண்ணை ஒன்றிரண்டு படி இறக்க வேண்டியிருக்கும்.