சாக்கடைப் பாசியில் ஓடிய கார்

ஸ்பெயினின் தென்கோடியில், காதிஸ் நகரத்துக்குப் பக்கத்தில் சிக்லானா என்றொரு கடலோர ஊர். அந்த ஊர்க் கழிவுநீரில் பாசி வளர்த்து, அதை நொதிக்கவைத்து, கிடைத்த வாயுவில் கார் ஓட்டிக் காட்டினார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியோடு 2011-இல் தொடங்கிய திட்டம் அது. பெயர் ‘ஆல்-கேஸ்’. ஸ்பானிய மொழியில் பாசிக்கு ‘அல்காஸ்’ என்றே பெயர்!

வழக்கமான சுத்திகரிப்பு நிலையத்தில் அழுக்கைத் தின்பது பாக்டீரியா. அதற்கு ஆக்சிஜன் வேண்டும் என்பதால் ராட்சத ஊதிகள் இரவு பகலாகக் காற்றை அடைத்துக்கொண்டே இருக்கும். நிலையத்தின் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதியை இந்த ஊதிகளே குடித்துவிடும். பாசி இருந்தால் அந்த வேலையை வெயில் செய்கிறது. பாக்டீரியா வெளியிடும் கார்பன் டை ஆக்சைடைப் பாசி எடுத்துக்கொண்டு ஆக்சிஜனைத் திருப்பித் தருகிறது. நீரில் இருக்கும் அம்மோனியாவும் பாஸ்பேட்டும் அதற்கு உரம். 1950-களிலேயே கலிபோர்னியாவின் பெர்க்லியில் பொறியாளர் வில்லியம் ஆஸ்வால்ட் இதை ஆராய்ந்து குளமும் வடிவமைத்தார். பந்தயத் தடம் போல நீள்வட்டம், ஓர் அடி ஆழம், நீரை மெல்லத் தள்ளும் துடுப்புச் சக்கரம். ஆழம் கூடினால் பயனில்லை. பச்சைக் குழம்பாகிவிட்ட நீரில் சில அங்குலத்துக்குக் கீழே ஒரே இருட்டு.

பாசியிலிருந்து டீசல் எடுக்கலாமே என்று தோன்றும். அமெரிக்க எரிசக்தித் துறை 1978 முதல் 1996 வரை அதற்காகவே ஒரு திட்டம் நடத்தியது. சிக்கல் என்னவென்றால், பாசியைப் பட்டினி போட்டால்தான், குறிப்பாக நைட்ரஜன் கொடுக்காமல் விட்டால்தான், அது டீசலுக்கு வேண்டிய கொழுப்பைச் சேர்க்கும். சாக்கடையிலோ நைட்ரஜன் விருந்து! அதனால் எண்ணெய்க் கனவை விட்டுவிட்டு வாயுவைப் பிடிப்பதே புத்திசாலித்தனம் என்பேன். பாசியை ஈரத்தோடு அப்படியே காற்றுப் புகாத கலனில் தள்ளிவிடலாம்; சாண எரிவாயுக் கதைதான். பாசியின் தடித்த செல்சுவர் எளிதில் மசியாது என்பதால், சில இடங்களில் முதலில் சூடாக்குகிறார்கள். வரும் வாயுவில் பெரும்பகுதி மீத்தேன். மீதமுள்ள கார்பன் டை ஆக்சைடைப் பிரித்துக் குளத்துக்கே அனுப்பலாம்.

உண்மையான தலைவலி அறுவடை. ஒரு லிட்டர் குளத்து நீரைக் காய்ச்சி வற்றவைத்தால் தேறும் பாசி ஒரு கிராம்கூட இருக்காது. ஒவ்வொரு செல்லும் சில மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே ஒரு மைக்ரான்). துணியில் வடிகட்டினால் நழுவிவிடும். திரளவைத்துப் படியவிட வேண்டும், அல்லது நுண்குமிழிகளை விட்டு மிதக்கவைத்து வழிக்க வேண்டும்.

போதாததற்குக் களவாணிகள் வேறு. பாசியைத் தின்னும் ரோட்டிஃபர் போன்ற கண்ணுக்கு எளிதில் தெரியாத உயிர்கள் பெருகிவிட்டால், பச்சைப் பசேலென்று இருந்த குளம் சில நாட்களில் வெளுத்துப்போகும்.