சாமானை ஏற்றிவிட்டு மைலேஜ் பாருங்கள்

போன வைகாசியில் ஒரு தம்பி என் பட்டறைக்கு வந்தார். பழைய ஹிமாலயன் 411, ராயல் என்ஃபீல்டின் அட்வெஞ்சர் பைக். "அண்ணா, ஆனி கடைசியில லடாக்ல லே வரைக்கும் கிளம்பறேங்க. வண்டிய ஒருக்கா முழுசாப் பார்த்துக் குடுங்க" என்றார். வண்டியைப் பிள்ளை மாதிரி வைத்திருந்தார். மைலேஜ் எவ்வளவு வருகிறது என்று கேட்டேன். "முப்பத்தஞ்சு வருதுங்ண்ணா, நானே டெஸ்ட் பண்ணிட்டேன்."

எப்படி டெஸ்ட் செய்தீர்கள் என்றேன். ஞாயிறு விடியற்காலை, அவிநாசி ரோடு, தனி ஆள், அறுபதுக்கு மேல் முறுக்காமல் ஐம்பது கிலோமீட்டர். பெட்டிகளெல்லாம் வீட்டில்.

கோவையில் இருபது வருடமாக வண்டி பிரிக்கிறேன். அட்வெஞ்சர் பைக் வாங்குகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் இப்படித்தான் சோதித்துப் பார்க்கிறார்கள். வண்டி எந்த நிலையில் மலையேறப் போகிறதோ அந்த நிலையில் அதை ஒரு நாள்கூட ஓட்டிப் பார்ப்பதில்லை. அந்தத் தம்பியை உட்கார வைத்து ஒரு கணக்குப் போட்டேன்.

மணாலியிலிருந்து லே போகும் சாலையில் தண்டி என்று ஓர் இடம். அங்கே பெட்ரோல் பங்க் வாசலில் "அடுத்த பங்க் 365 கிலோமீட்டரில்" என்ற பலகை பல வருடம் நின்றது. அதன் முன் நின்று படம் எடுக்காத பைக்காரர்கள் குறைவு. 35 மைலேஜ் வந்தால் அந்தத் தூரத்துக்கு 10.4 லிட்டர் போதும். 25 வந்தால் 14.6 லிட்டர் வேண்டும். ஹிமாலயன் 411-இன் டேங்க் 15 லிட்டர். பாரலாச்சா லா, நக்கி லா, லாச்சுங் லா, தங்லங் லா என்று நான்கு கணவாய்கள் நடுவில் கிடக்கின்றன. முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் முக்கி முக்கி ஏற வேண்டிய இடங்கள். அங்கே 35 வரும் என்று நம்பி டேங்க்கை முழுசாக நிரப்பாமல் போகிறவர் கடைசி நாற்பது கிலோமீட்டரை எப்படிக் கடப்பார்?

கம்பெனி சொல்லும் எண்ணைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆய்வுக்கூடத்தில் ரோலர் மேல் வண்டியை நிறுத்தி, 75 கிலோ ஓட்டுநர் என்ற கணக்கில், வகுத்து வைத்த வேகச் சுழற்சிப்படி ஓட்டி எடுப்பது அது. இரண்டு வண்டிகளை ஒப்பிட உதவும். அதில் பக்கப் பெட்டி கிடையாது, எதிர்க்காற்று கிடையாது, பின்னால் கட்டிய கூடாரமும் கிடையாது. உங்கள் எண்ணை நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

எடுக்கும் முறை டேங்க் டு டேங்க்தான்: ஃபுல் டேங்க் போட்டு ஓட்டிவிட்டு, மறுபடி ஃபுல் ஆக எத்தனை லிட்டர் பிடிக்கிறதோ அதால் ஓடிய தூரத்தை வகுப்பது. இதில் எல்லோரும் தவறும் இடம் ஒன்று உண்டு. இரண்டு முறை ஃபுல் டேங்க் போடும்போதும் பெட்ரோல் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். சைடு ஸ்டாண்டில் ஒருமுறை, நிமிர்த்திப் பிடித்து ஒருமுறை போட்டால் 200 மில்லி சாதாரணமாக வித்தியாசப்படும். ஐம்பது கிலோமீட்டர் ஓட்டினால் செலவாவதே ஒன்றரை லிட்டர்தான். அதில் 200 மில்லி பிசகினால் 13 சதவீதம் தப்பு. 35 என்று காட்டியது உண்மையில் 31 ஆக இருக்கலாம். அதே 200 மில்லி, எட்டு லிட்டர் செலவாகும் தூரத்தில் இரண்டரை சதவீதம்தான். அதனால் 200 கிலோமீட்டருக்குக் குறைந்து ஓட்டிவிட்டு மைலேஜ் சொல்லாதீர்கள். ஒரே பங்க், ஒரே பம்ப், சென்டர் ஸ்டாண்ட், டேங்க் கழுத்துக்குக் கீழே உள்ள விளிம்பு வரை மட்டும். வாய் வரை நிரப்பினால் வெயிலில் பெட்ரோல் விரிவடைய இடம் இருக்காது. பிஎஸ் 6 மாசு விதிப்படி வந்த வண்டிகளில் ஆவியைப் பிடித்து வைக்கும் கேனிஸ்டருக்குள்ளும் பெட்ரோல் போய்விடும்.

அப்புறம் காற்று. எங்கள் பக்கம் ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது வெறும் பேச்சில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் காற்று பல்லடம், உடுமலை வரை காற்றாலைகளைச் சுற்ற வைக்கிறது. அந்தக் காலத்தில் பாலக்காட்டிலிருந்து கிழக்கே வந்து மைலேஜ் எடுத்தால் வண்டி தங்கமாகத் தெரியும். அதே சாலையில் திரும்பிப் போய்ப் பாருங்கள், பெட்டிகள் மாட்டிய வண்டி எண்பதில் மூச்சு வாங்கும். போகவும் வரவும் ஒரே வழியில் ஓட்டி, மொத்தத்தையும் சேர்த்து வகுத்தால்தான் அது மைலேஜ்.

வேகத்தின் கதையும் இதேதான். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். 80-லிருந்து 100-க்குப் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது, காற்று தள்ளும் விசை 56 சதவீதம் கூடுகிறது. முன்னால் உயரமான காற்றுத்தடுப்புக் கண்ணாடியும், நிமிர்ந்து உட்காரும் ஓட்டுநரும், இரண்டு பக்கமும் விரிந்த பெட்டிகளும் கொண்ட வண்டிக்கு அது பெரிய சுமை. இப்போது பங்க்கில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலையும் கணக்கில் வையுங்கள். ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். பத்து வருடப் பழைய மைலேஜ் எண்ணை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் மறுபடி அளந்துவிடுங்கள்.

சரி, பெட்ரோல் தீர்ந்தால் ரோட்டோரம் நிற்போம், யாராவது வருவார்கள். கையாளுதலில் தப்பு நடந்தால் அப்படி நிற்க முடியாது. எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான்.

அந்தத் தம்பியை, லேவுக்குக் கொண்டு போகும் அத்தனையையும் கட்டிக்கொண்டு மறுநாள் வரச் சொன்னேன். வந்தார். பக்கத்துப் பழைய இரும்புக் கடை எடை மெஷினில் ஒவ்வொன்றாக வைத்தோம். பக்கப் பெட்டிகள் 17, 16 கிலோ. டாப் பாக்ஸ் 14. கூடாரப் பை 6. மொத்தம் 53 கிலோ. எடை ஒரு பிரச்சினை, அது உட்கார்ந்திருக்கும் இடம் அதைவிடப் பெரிய பிரச்சினை. டாப் பாக்ஸ் பின் சக்கர அச்சுக்கும் பின்னால், உயரத்தில் தொங்குகிறது. அதில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் நெம்புகோல் மாதிரி முன்சக்கரத்தைத் தூக்கும். முன்பக்கம் லேசானால் ஹேண்டில் தொண்ணூறுக்கு மேல் ஆடத் தொடங்கும், வளைவில் வண்டி வெளிப்பக்கம் ஓடப் பார்க்கும்.

பின் ஷாக்கையும் அளந்தோம். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரம் தொங்கும்போது அச்சிலிருந்து வால் பகுதியில் ஒட்டிய டேப் வரை ஓர் அளவு. சாமானோடு தம்பி ஏறி உட்கார்ந்த பின், என் பையன் வண்டியைப் பிடித்துக்கொள்ள, மறுபடி ஓர் அளவு. வித்தியாசம் 85 மில்லிமீட்டர். இந்த வண்டியின் பின்பக்கப் பயணமே 180 மில்லிமீட்டர்தான். ஆள் ஏறியதுமே பாதி காலி. மூன்றில் ஒரு பங்கு, அதாவது 60 அளவில் நிற்க வேண்டியது. வண்டி வாங்கிய நாளிலிருந்து பிரீலோடை, அதாவது ஷாக் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை, யாருமே தொடவில்லை. சி ஸ்பேனர் போட்டுத் திருகி 64-க்குக் கொண்டு வந்தேன். ஹெட்லைட் வெளிச்சம் மர உச்சியிலிருந்து ரோட்டுக்கு இறங்கியது. டயர் காற்றையும் தனி ஆளுக்கான அளவில்தான் வைத்திருந்தார். சுமையோடு ஓட்டும்போது பின்டயருக்குக் கூடுதல் அளவு கையேட்டில் தனியாகவே போட்டிருக்கிறது.

கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங், பார்க்காமல் எந்த வண்டியையும் மலைக்கு அனுப்பமாட்டேன். முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். 'டொக்' என்று ஒரு தட்டல் கையில் உணர்ந்தால் தளர்ந்திருக்கிறது. ஹேண்டிலை மெல்லத் திருப்பும்போது நடுவில் சிக்கி நின்றால் பேரிங் குழி விழுந்திருக்கிறது.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் ரோட் டெஸ்ட். முதலில் காலி மைதானம். சாமானோடு எட்டுப் போடுவது, நாற்பதில் போகும்போது சட்டென்று விலகுவது, அறுபதிலிருந்து இரண்டு பிரேக்கும் பிடித்து நிறுத்துவது. ஒவ்வொன்றும் ஐந்தாறு முறை. 21 அங்குல முன்சக்கரம் கல்லையும் பள்ளத்தையும் அலட்சியமாகத் தாண்டும், ஆனால் திசை மாற்ற நேரம் எடுக்கும். சின்னச் சக்கர வண்டி ஓட்டிப் பழகிய கைக்கு அது முதல் வளைவில் பயத்தைத் தரும். அந்தப் பயம் மைதானத்திலேயே தெளிந்துவிட வேண்டும்.

பிறகு ஆழியாறிலிருந்து வால்பாறை, நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவதை விட இறங்குவதுதான் பரீட்சை. சில வருடங்களுக்கு முன் என்னோடு டெஸ்டுக்கு வந்த ஒருவர், மனைவியைப் பின்னால் உட்கார வைத்து, பெட்டிகளோடு இறங்கினார். மேல் கியரில், பின் பிரேக்கில் கால் வைத்தபடியே. பாதி வழியில் கை காட்டி ஓரம் கட்டினார். முகம் வெளுத்திருந்தது. பெடலை நான் கையால் அமுக்கினேன், பஞ்சு மாதிரி அடி வரை போனது. டிஸ்கிலிருந்து தீய்ந்த வாடை. பிரேக் ஆயிலை நான்கு வருடமாக மாற்றவில்லை. புதிய டாட் 4 ரக பிரேக் ஆயில் 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சிப் பழையதானால் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழி. கால் அமுக்குவது குமிழியைத்தான், பிரேக் பேடை இல்லை. முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, இரண்டாவது கியரில் எஞ்சினை வைத்தே இறங்கினோம். அந்த அம்மா மீதி வளைவுகளில் வண்டியில் ஏற மறுத்து, பின்னால் வந்த பேருந்தில் வந்து சேர்ந்தார். அவர் செய்தது சரி.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயில் மாற்றுங்கள். சில நூறு ரூபாய் வேலை.

லே தம்பி அடுத்த சனிக்கிழமை அதிகாலை முழுச் சாமானோடு கோவை, பொள்ளாச்சி, வால்பாறை போய்த் திரும்பினார். மாலையில் அதே பங்க்கில், சென்டர் ஸ்டாண்டில், என் முன்னாலேயே நிரப்பினோம். 214 கிலோமீட்டர், 8.1 லிட்டர். 26.4 என்று கால்குலேட்டர் காட்டியதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "டாப் பாக்ஸ் இல்லாமப் போனா ஹேண்டில் ஆடாதுங்களாண்ணா?" என்று கேட்டார். குறையும் என்றேன். அங்கேயே பெட்டியைத் திறந்து, ரெயின்கோட்டையும் மருந்துப் பையையும் மட்டும் எடுத்து டேங்க் பையில் வைத்தார். மீதியைப் பெட்டியோடு என் பட்டறை ராக்கில் ஏற்றிவிட்டுப் போனார். திரும்பி வந்து மூன்று மாதம் ஆகிறது, இன்னும் அதை எடுத்துப் போகவில்லை.