லோயர் பெர்த் யாருக்கு? முன்பதிவுக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மூத்த குடிமக்களுக்கான ரயில் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அதோடு லோயர் பெர்த் ஒதுக்கீடும் போய்விட்டது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போகவில்லை. அது தனி, இது தனி.

60 வயது நிரம்பிய ஆண்கள், 45 வயது நிரம்பிய பெண்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்காக ஸ்லீப்பர் பெட்டி ஒன்றுக்கு ஆறு ஏழு லோயர் பெர்த்துகளை ரயில்வே தனியாக வைத்திருக்கிறது. மூன்றடுக்கு ஏசியில் நாலைந்து, இரண்டடுக்கு ஏசியில் மூன்று நான்கு. பெண்களுக்கு 45 வயதே போதும் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது.

இதில்தான் நான் தவறினேன். முழங்கால் வலியுள்ள அம்மாவுக்கும் எனக்கும் ஒரே டிக்கெட்டாகப் போட்டேன். அம்மாவுக்கு 67 வயது, எப்படியும் கீழே கிடைத்துவிடும் என்று நம்பினேன். கிடைத்தது அப்பர். எதிரே லோயர் பெர்த்தில் இருந்த கல்லூரிப் பையன், நாங்கள் கேட்பதற்கு முன்பே, "பாட்டி, நீங்க இங்க படுத்துக்கங்க, நான் மேல போயிடுறேன்" என்று எழுந்துகொண்டான். அந்தப் பிள்ளையை அம்மா இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

விதி என்னவென்றால், இந்த ஒதுக்கீட்டில் ஒரு டிக்கெட்டில் அதிகபட்சம் இரண்டு பேர்தான். இருவருமே தகுதியுள்ளவர்களாக இருக்க வேண்டும். வயது குறைந்த ஒருவரைச் சேர்த்தாலோ, மூன்று முதியவர்களாகப் போட்டாலோ ஒதுக்கீடு பொருந்தாது. பொதுக் கோட்டாவிலும் வயதைப் பார்த்து லோயர் தர கணினி முயலும். ஆனால் காலி இருந்தால்தான். ஆகவே பெரியவர்களுக்குத் தனி டிக்கெட் போடுங்கள். ஐஆர்சிடிசியில் கோட்டா என்று கேட்கும் இடத்தில் 'லோயர் பெர்த் / சீனியர் சிட்டிசன்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் இடம் வேறு பெட்டியில் விழலாம், அது ஒரு சங்கடம்தான். இருந்தாலும் பெரியவருக்குக் கீழே படுக்கை உறுதியாகிவிட்டால் மற்றதைச் சமாளித்துக்கொள்ளலாம். கர்ப்பிணிகள் மருத்துவர் சான்றுடன் முன்பதிவு கவுன்ட்டருக்குப் போவது நல்லது. மாற்றுத்திறனாளிகளுக்கான கோட்டா வேறு: ஸ்லீப்பரில் நான்கு பெர்த், அதில் இரண்டு லோயர், இரண்டு மிடில்.

சரி, அப்படியும் அப்பரோ மிடிலோ வந்துவிட்டால்? வண்டி கிளம்பியதும் டிடிஆரிடம் கேளுங்கள். யாரும் வராமல் லோயர் காலியாக இருந்தால், முதியவர், மாற்றுத்திறனாளி, கர்ப்பிணி ஆகியோருக்கு மாற்றிக் கொடுக்க அவருக்கு அதிகாரம் உண்டு. நாமாகப் போய்க் கேட்பதுதான் வழி.

ஆனால் லோயர் பெர்த்தை முறையாக வாங்கியவரை எழுந்து போகச் சொல்ல எந்த விதியும் இல்லை. கேட்கலாம், வற்புறுத்தக் கூடாது. பார்க்க இளைஞராக இருப்பவருக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்திருக்கலாம். அதை அவர் நம்மிடம் விளக்க வேண்டியதில்லை. கேட்பதையும் ஏறியவுடனே கேட்டுவிடுங்கள். படுக்கை விரித்துத் தூங்கப் போகிறவரை எழுப்பிக் கேட்பது அவருக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம்.

நேரக் கணக்கும் உண்டு. படுக்கும் நேரம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை. மற்ற நேரத்தில் லோயர் பெர்த் எல்லோரும் உட்காரும் இருக்கை. பகலில் மிடில்காரரை உட்கார விடாமல் நீட்டிப் படுப்பது முறையல்ல. இரவு 10 மணிக்கு மேல் மிடிலைத் தூக்கி மாட்ட அவருக்கு உரிமை இருக்கிறது. இதில் ஒரு விதிவிலக்கை நான் முக்கியமாக நினைக்கிறேன். உடல்நலமில்லாதவர், மாற்றுத்திறனாளி, கர்ப்பிணி ஆகியோர் கூடுதல் நேரம் படுக்க வேண்டியிருந்தால் சகபயணிகள் ஒத்துழைக்க வேண்டும் என்று 2017இல் வந்த ரயில்வே சுற்றறிக்கையே கேட்டுக்கொள்கிறது.

இடம் மாற்றிக்கொண்டால் டிடிஆரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நடுராத்திரியில் பெயரைச் சரிபார்க்க அந்தப் பெரியவரை யாரும் எழுப்ப வேண்டியிருக்காது.