மே மாத வெயிலை நம்பி ஏரியில் இறங்காதீர்கள்

சில வருடங்களுக்கு முன் ஒரு மே மாதச் சனிக்கிழமை. ரொறன்ரோவின் ஸ்காபரோ புளஃபர்ஸ் கரையில் வெயில் நன்றாக எறித்தது. காற்று 22 பாகை, ஒன்ராறியோ ஏரியின் தண்ணீர் 6 பாகை. நான் கயாக் (ஒடுங்கிய துடுப்புப் படகு) வகுப்புக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தேன். தனியாக வந்த நம்மவர் ஒருவர் பருத்தி ஹூடியோடு இறங்கினார். லைஃப் ஜக்கெற்றைக் கயாக்கின் பின்பக்கம் கட்டியிருந்தார். கரையிலிருந்து இருபது மீற்றர்கூடப் போகவில்லை, கவிழ்ந்துவிட்டார்.

நான் போய்ச் சேர நாலைந்து நிமிடம் ஆனது. ஜக்கெற் அவர் கையில்தான் இருந்தது. ஆனால் மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது. விரல்களால் கொக்கியைப் பூட்ட முடியவில்லை. நீச்சல் நன்றாகத் தெரிந்தவர்.

மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட், குளிர்நீரில் விழுந்தால் நடப்பதை 1-10-1 என்று எளிதாகச் சொல்லித் தந்திருக்கிறார். முதல் 1 நிமிடம் மூச்சு உங்கள் வசம் இருக்காது. விழுந்தவுடன் தன்னை அறியாமல் ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுப்போம். அப்போது முகம் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரைத்தான் இழுப்போம். அடுத்த 10 நிமிடம்தான் கை கால் ஓரளவாவது சொன்னபடி கேட்கும். உடல் குளிர்ந்து நினைவு தப்ப 1 மணி நேரம் ஆகலாம். ஜக்கெற் போடாதவர் அந்த ஒரு மணி நேரம்வரை மிதக்கப்போவதில்லை.

ஆடி வெயிலில் பயமில்லை என்றும் நினைக்காதீர்கள். கரைத் தண்ணீரைக் காற்று ஏரியின் நடுப்பக்கம் தள்ளினால் அடியிலிருக்கும் குளிர்நீர் மேலே வரும். நேற்று 20 பாகை இருந்த ரொறன்ரோக் கரை இன்று 10 பாகைக்கும் கீழே போயிருக்கலாம். அதனால் புறப்படும்போது பார்க்கவேண்டியது தண்ணீரின் வெப்பநிலையை.

சரி, எதை வாங்குவது? காசு குறைவென்றால் முதல் காசு லைஃப் ஜக்கெற்றுக்கே. கனடாவின் போக்குவரத்து அமைச்சு அங்கீகரித்த முத்திரை உள்ளே இருக்கிறதா பாருங்கள். போட்டு, வார்களை இறுக்கி, ஒருவரைத் தோள்பட்டையில் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். காதுவரை ஏறினால் அது உங்கள் அளவு இல்லை. காற்று நிரப்பும் வகை 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அங்கீகரிக்கப்படவில்லை. பழைய ஜக்கெற்றை வீட்டில் வெட்டித் தைக்கவே கூடாது.

அடுத்தது உடை. கோடையில் தண்ணீர் சூடாக இருக்கும் நாட்களுக்கு 3 மில்லிமீற்றர் வெற் சூற் (நனைந்தாலும் சூடு காக்கும் ரப்பர் உடை) போதும். மே மாதம் போலத் தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது ட்ரை சூற்தான். அது தண்ணீரைத்தான் தடுக்கும், சூடு தருவது உள்ளே போடும் கம்பளி. பருத்தி நனைந்தால் சூட்டை உறிஞ்சிவிடும். கழுத்திலும் மணிக்கட்டிலும் உள்ள ரப்பர் வளையம் இறுக்கமாக இருந்தால் உடனே வெட்டிவிடாதீர்கள். ஒரு பானையின் மேல் இழுத்து மாட்டி ஓரிரவு விடுங்கள், தளரும். நம் ஆட்களுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும்: தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு போடாதீர்கள். எண்ணெய் பட்ட ரப்பர் இளகிக் கிழிந்துவிடும். காப்பு, மோதிரம், நீண்ட நகம் எல்லாம் அதைக் கிழிக்கும்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: கவிழ்ந்தபின் ஏற உதவும் துடுப்பு மிதவை. தண்ணீர் உறிஞ்சாத தடித்த நுரைப் பலகையில் துடுப்பின் அலகு நுழையப் பை போல வைத்து, வார் ஒன்றைத் தைத்தால் சரி. கடையில் விற்பவை பெரும்பாலும் வாயால் ஊதுபவை. மூச்சே வசப்படாத நேரத்தில் யார் ஊதுவது? செய்ததை முதலில் கோடையில், இடுப்பளவு தண்ணீரில், பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு சோதியுங்கள்.

அப்புறம் என் வகுப்பில் எல்லாரையும் செய்யவைப்பது ஒன்று. கரையில் குந்தி, இரண்டு கைகளையும் மணிக்கட்டுவரை ஏரிக்குள் விட்டு, விரல் விறைக்கும்வரை வைத்திருக்கவேண்டும். பிறகு அந்தக் கைகளாலேயே ஜக்கெற் கொக்கியைப் பூட்டவேண்டும். இந்த வாரம் கரைக்குப் போனால், உங்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டுபோய்ச் செய்து பாருங்கள்.