எண்ணத்தக்க எண்ணிலியா?

இன்ஃபினிட் பேரலல் யுனிவர்சஸ் என்பதைத் தமிழில் "எண்ணிலியான இணைப் பிரபஞ்சங்கள்" என்று இன்னொரு முறை கேட்டால் காதைப் பொத்திக்கொள்வேன். இணையைக்கூட விட்டுவிடலாம், இணைகோடு என்று பள்ளியில் படித்த பழக்கம் (எனக்கென்னவோ ஜோடி என்றுதான் காதில் விழுகிறது, பல்லண்டம் போதாதா?). எண்ணிலிதான் பொறுக்கவில்லை.

இன்ஃபினிட்டி லத்தீன் வழி வந்தது. ஃபினிஸ் என்றால் முடிவு, முன்னால் நிற்கும் 'இன்' அதை மறுக்கிறது. படுத்த எட்டுக் குறியை 1655இல் ஜான் வாலிஸ் கொண்டுவந்தார். தமிழில் முடிவிலி. அவ்வளவுதான்.

எண்ணி மாளாதது எண்ணிலி, சின்னச் சொல், வாய்க்கும் சுகம் என்கிறார்கள். மணலும்தான் எண்ணி மாளாது, அது வெறும் பெரிய எண். அதுகூடப் பரவாயில்லை, முடிவிலியிலேயே வகைகள் உண்டு என்று காட்டிய கணிதவியலாளர் கேன்டரை என்ன செய்வார்கள்? 1, 2, 3 என்று எழுதிக்கொண்டே போனால் முடியாதுதான், ஆனால் எந்த எண்ணைக் கேட்டாலும் வரிசையில் என்றைக்காவது வந்துவிடும். அது எண்ணத்தக்க முடிவிலி. 0க்கும் 1க்கும் நடுவில் உள்ள தசம எண்களை அப்படி வரிசையில் நிறுத்தவே முடியாது. எப்படிப் பட்டியல் போட்டாலும், முதல் எண்ணின் முதல் இலக்கத்தை மாற்று, இரண்டாவதன் இரண்டாம் இலக்கத்தை மாற்று என்று போய்க்கொண்டே இருந்தால் பட்டியலில் இல்லாத ஓர் எண் வந்து நிற்கும். 1891இல் அவர் காட்டிய வழி இது. அந்த இரண்டாவது வகைதான் எண்ணவே முடியாத முடிவிலி. இப்போது முதல் வகைக்கு எண்ணிலியைப் போட்டுப் பாருங்கள்: எண்ணத்தக்க எண்ணிலி! தமிழ்ப்பற்று என்ற பெயரில் செய்கிற வேலையா இது?

முடிவிலிக்குப் பதிலாகச் சொல்லப்படும் எல்லையிலியும் உதவாது. பூமியின் மேற்பரப்பில் எங்கே நடந்தாலும் விளிம்பு வராது, ஆனால் சுமார் 51 கோடி சதுர கிலோமீட்டர் என்று அளந்து முடித்தாயிற்று. பிரபஞ்சத்தைப் பற்றிப் பேசும்போது இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். அப்புறம் கந்தழி. தொல்காப்பியச் சொல், அழகான சொல், ஆனால் நச்சினார்க்கினியர் உரைப்படி அது பற்றுக்கோடு இல்லாமல் தானே நிற்கும் பரம்பொருள். கணக்குக்கு எதற்கு?

மொழிபெயர்ப்பாளர்களுக்குப் 'பல' என்று எழுதவே கை வராது போல. குவாண்டம் இயற்பியலில் 1957இல் எவரெட் முன்வைத்த பல உலகங்கள் கருத்தும் 'எண்ணற்ற உலகங்கள்', முடிவில்லாமல் விரியும் வெளியும் 'எண்ணற்ற' வெளி. திருவாசகத்தில் அண்டங்கள் "நூற்றொரு கோடியின் மேற்பட விரிந்தன" என்று வருவதைக் காட்டி, இதோ தமிழன் கண்ட எண்ணிலி என்கிறார் ஒருவர். ஐயா, அங்கே எண்ணே போட்டிருக்கிறதே!